நம்ம வீட்டுக்கு வாங்க

புது வீட்டு வாசலில் லாரி வந்து நின்றதும் முதலில் இறங்கியவை அண்ணியின் உடைகள். நிறவாரியாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து, மேலே 'காலை', 'மாலை', 'சும்மா' என்று எழுதியிருந்தாள். 'சும்மா' பெட்டிதான் இருப்பதிலேயே பெரியது. சமையல் சாமான்கள் கடைசியில் இறங்கின. அவற்றில் சமைக்கிற பாத்திரம் ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் படத்துக்கு.

என் அண்ணிக்குத் தொழில் வீடியோ. 'நம்ம வீடு, நம்ம ஸ்டைல்' என்பது சேனலின் பெயர். என்ன சமைக்கலாம், சமைக்கும்போது என்ன உடுத்தலாம், உடுத்தியது கசங்காமல் எப்படிப் பாத்திரம் கழுவலாம் என்றெல்லாம் சொல்லித்தருவாள். அதைக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். உலகம் பெரியது. கேமரா பிடிப்பது, பிறகு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெட்டி ஒட்டுவது, இரண்டும் என் வேலை. அண்ணியின் குரலை நாள் முழுக்கக் கேட்கும்படி ஒரு நாத்தனாருக்கு எந்த நீதிபதியும் தண்டனை கொடுத்ததில்லை. நானாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

வீடு ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே தையல் கடை. கடையை ஒட்டிய இருட்டுப் படிக்கட்டில் ஈரச் சுவரின் வாசனை. படிகள் எல்லாம் சொரசொரப்பாக இருந்தன. உச்சியில் கடைசிப் படி மட்டும் நடுவில் வழுவழுவென்று தேய்ந்து குழிந்திருந்தது. கால் பட்டுத் தேய்ந்த மாதிரி இல்லை. யாரோ வெகுகாலம் உட்கார்ந்து தேய்த்த மாதிரி.

வீட்டுத் தரகர் சாவியைக் கீழேயே கொடுத்துவிட்டார்.

"மேல வரலையா?" என்றான் அண்ணன்.

"படி ஏறினா மூச்சு வாங்கும் சார். நல்ல வீடு. கிச்சனைப் பாருங்க, அசந்துடுவீங்க."

சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டி ஓடினார். ஓடிய வேகத்தில் மூச்சுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெட்டிகள் படியிலேயே கிடக்க, அண்ணி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு தயாராகிவிட்டாள். முதல் காட்சி, வரவேற்பு. நான் கேமராவோடு வெளியே அந்தக் கடைசிப் படியில் நிற்க வேண்டும். அவள் உள்ளேயிருந்து கதவைத் திறக்க வேண்டும்.

கதவு திறந்தது. "வாங்க, வாங்க! இதுதான் நம்ம புது வீடு! உள்ளே வாங்க!"

கீல் கிறீச்சிட்டது. அதனால் மறுபடி.

"வாங்க, வாங்க! இது நம்ம வீடு, கூச்சப்படாம வாங்க!"

முடி கண்ணில் விழுந்தது. அதனால் மறுபடி.

மூன்றாவது முறை அவளுக்கே உற்சாகம் பொங்கிவிட்டது. "எவ்வளவு நேரம்தான் வெளியவே இருப்பீங்க? இது நம்ம வீடுங்க! உரிமையோட உள்ளே வாங்க!"

நான் கேமராவோடு நுழைந்தேன். பின்னால் கையை நீட்டிக் கதவைத் தள்ளினேன். அது சாத்திக்கொள்ளவில்லை. எனக்குப் பிறகு இன்னொருவர் நுழைகிற அளவுக்குத் திறந்தே நின்றது. பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பழைய கீல், என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறை பெரியது. கறுப்புக் கல் மேடை, சாலையைப் பார்த்த ஜன்னல், என்றைக்கோ வதக்கிய வெங்காயத்தின் ஆறிப்போன வாசனை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஏப்ரன் தொங்கியது. துவைத்துத் துவைத்து நிறம் போன பருத்தித் துணி. பையின் ஓரத்தில் கை துடைத்த கறை.

அண்ணிக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"கேமராவை ஆன் பண்ணு! 'முன்பு, பின்பு'ன்னு போடலாம். ஐயே, பாருங்க மக்களே, இதைக் கட்டிக்கிட்டு ஒரு பொம்பளை சமைச்சிருக்கா! சமையல்காரிக்கும் ஒரு லுக் வேணாமா?"

மூக்கைச் சுளித்தபடி அதைக் கழுத்தில் மாட்டினாள். நாடாக்களை முதுகுப் பக்கம் நீட்டினாள். "கட்டேன்."

என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன. பொறுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ம், போதும். இப்படியா இறுக்குவே?" என்றாள் அண்ணி.

நான் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

காட்சி முடிந்து அதை அவிழ்க்க நகம் உடையும்வரை போராடினேன். இரட்டை முடிச்சு. தினமும் கட்டிப் பழகிய கை போட்ட முடிச்சு. நான் போட்ட முடிச்சில்லை என்று சொன்னதற்கு, "உனக்குக் கேமராவும் தெரியாது, முடிச்சும் தெரியாது" என்று முடித்துவிட்டாள்.

அண்ணியின் வேலை முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வாரத்துச் சமையலை ஒரே பகலில் எடுத்துவிடுவாள். ஒரே பாத்திரம், ஒரே காய்கறி. உடைதான் மாறும். மஞ்சள் உடையில் நறுக்குவாள், அது திங்கட்கிழமை. பச்சை உடையில் கிளறுவாள், அது செவ்வாய்க்கிழமை. காய் மினுங்குவதற்காக மேலே எண்ணெயைப் பீய்ச்சுவாள். ஆவி வேண்டுமென்றால் பாத்திரத்துக்குப் பின்னால் கெட்டிலை வைப்பாள். எல்லாம் முடிந்ததும் அந்த அரைவேக்காட்டை அண்ணனுக்குப் போடுவாள். அண்ணன் தின்பான். அவன் தட்டில் விழுவதைத் தின்கிற ரகம், போட்டது யார் என்று நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

அன்று வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் முதலில் கேட்டது.

"காலையில எழுந்ததும் நான் முதல்ல சமையலைத்தான் கவனிப்பேன்" என்கிறாள் அண்ணி திரையில்.

உச்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கிற சத்தம். கண்ணால் பார்க்காமலே முகச் சுளிப்பு தெரிகிற சத்தம்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். காய் மேல் எண்ணெய் பீய்ச்சும்போது, உச். கெட்டிலை மறைத்து வைக்கும்போது, உச். "இது ரொம்ப சிம்பிள்" என்று சொல்லிக்கொண்டே வெங்காயத்தை அவள் பட்டை பட்டையாக நறுக்கும்போது இரண்டு தடவை. உச், உச்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். "நீதானே உச்சு கொட்டுறே? பொறாமை!"

"நான் கொட்டினா முகத்துக்கு நேராக் கொட்டுவேன் அண்ணி. ஒளிஞ்சு கொட்டற பழக்கம் எனக்கில்லை."

"கொழுப்பு. உங்க குடும்பத்துக்கே."

மறுநாள் பாத்திரத்தில் சூப். காய்கறி பாதி வேகாமல், தண்ணீர் தனியாக நின்றது. அண்ணி நீல உடைக்கு மாறப் படுக்கையறைக்குள் போனாள். பெல்ட்டைத் தேடி நானும் பின்னால் போனேன். சமையலறையில் யாருமில்லை.

வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

பொறுமையாக, பொன் நிறம் வரும்வரை, பக்கத்தில் நின்று கிளறினால் மட்டும் வருகிற வாசனை. கூடவே மேடையில் கத்தி விழும் சத்தம். டக் டக் டக் என்று சீராக. அண்ணிக்கு அந்த வேகம் ஏழு பிறவிக்கும் வராது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அடுப்பு அணைந்திருந்தது. சூப் தயாராக இருந்தது. மேடை துடைத்திருந்தது. ஏப்ரன் ஆணியில் இல்லை. நாற்காலி முதுகில் கிடந்தது, ஈரமாக.

"நீயா?" என்றாள் அண்ணி கிசுகிசுப்பாக.

"நான் உங்க கூடத்தானே இருந்தேன்!"

அவள் முகத்தில் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அது அங்கே நிலைக்க இடம் கிடைக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சூப்பின் நிறம் அவ்வளவு நன்றாக இருந்தது. "சீக்கிரம் எடு, ஆறிடப்போகுது" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வாழ்க்கையில் முதன்முறையாகத் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"இன்னைக்குத்தான் சாப்பாடு மாதிரி இருக்கு. யார் செஞ்சது?"

"வேற யாரு, நான்தான்" என்றாள் அண்ணி.

உச்!

ஹெட்போன் இல்லாமல். பளிச்சென்று. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சும்மா இரு, பாவம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டான்.

அதன்பிறகு அண்ணி சமைக்கிறதே இல்லை. பாதியில் விட்டுவிட்டு உடை மாற்றப் போவாள். திரும்பி வந்தால் வேலை முடிந்திருக்கும். அதைத் தன் கைவண்ணம் என்று கேமராவுக்குக் காட்டுவாள். பேய் வீட்டிலும் வேலைக்காரி கிடைத்த மிதப்பு. வேறு யாராக இருந்தாலும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பார்கள். என் அண்ணி செருப்பின் நிறம் உடைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் ஹெட்போனோடு மாட்டிக்கொண்டேன். உச் சத்தத்தை வெட்டி வெட்டி எறிந்ததில் ஒலி சுத்தமானது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"இது நம்ம கிச்சன்."

ம்.

கதை கேட்கிறவர் கொட்டுகிற 'ம்'. மெல்லிய, வயதான பெண்குரல்.

"இது நம்ம அலமாரி." ம்.

"நம்ம பால்கனி." ம்.

அண்ணி 'நம்ம' என்று சொன்ன இடங்களில் மட்டும்தான் அந்த 'ம்'. 'என்' என்றால் இல்லை. மற்ற எந்த வார்த்தைக்கும் இல்லை. அடுத்த துண்டை ஓட்டினேன். ஆபீசிலிருந்து வருகிற அண்ணனை அண்ணி கேமராவுக்கு அறிமுகப்படுத்துகிற காட்சி.

"இதோ வந்துட்டாரு பாருங்க, நம்ம வீட்டுக்காரர்!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, மிக அருகில், ம்ம்ம்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கீழே ஓடினேன். கீழ்க்கடைத் தையல்காரம்மாதான் அண்ணியின் உடைகளை அளவு குறைப்பவள். அவளுக்கும் அண்ணி மேல் பெரிய மரியாதை கிடையாது. எனவே எங்களுக்குள் நல்ல பழக்கம்.

"என்ன, மறுபடி இடுப்பைப் பிடிக்கணுமா? உங்க அண்ணிக்குத் தினம் ஒரு அளவு. இஞ்ச் டேப்பே குழம்பிப்போச்சு."

"அக்கா, மேல முன்னாடி யார் இருந்தாங்க?"

மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு அம்மா. சமையல்னா அப்படி ஒரு சமையல். அவங்க வெங்காயம் வதக்கினா இங்க எனக்கு ஊசி தப்பும். மகனுக்குக் கல்யாணம் ஆச்சு. வந்தவளுக்கு அவங்க சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனே ஆகலை. வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி அசிங்கமா இருக்காம். ஒரு நாள் ஏதோ வாய்ப்பேச்சு. அந்த மகன் என்ன சொன்னான் தெரியுமா? 'இது எங்க வீடு'ன்னான். பெத்தவகிட்ட நம்ம வீடுன்னு சொல்ல வேண்டிய வாய், எங்க வீடுன்னு சொல்லுது!"

"அப்புறம்?"

"வெளிய விட்டுக் கதவைச் சாத்திட்டான். அந்த அம்மா எங்கேயும் போகலை. கடைசிப் படியில உட்கார்ந்துட்டாங்க. சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடலை. 'அவன் நம்ம வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், உள்ள போறேன்'னாங்க. அவன் சொல்லவே இல்லை. மழையும் குளிரும்... அந்தப் படியிலேயே போயிட்டாங்க. அதுக்கப்புறம் எவ்வளவோ பேர் குடிவந்தாங்க. ஒரு தொல்லையும் இல்லை. அவங்கதான் உள்ளேயே வர மாட்டாங்களே, மானஸ்தி. யாராவது கூப்பிட்டாத்தானே?" என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "யாரும் கூப்பிடலையே?"

மூன்று தடவை கூப்பிட்டிருந்தோம். அதிலும் கடைசித் தடவை உரிமையோடு.

அண்ணியிடம் சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. "இதையே ஒரு வீடியோவா போட்டா!" என்றாள்.

அந்த வீட்டில் உச்சு கொட்ட வேறு ஆள் இருந்தது. கொட்டியது.

அண்ணிக்கு உறைத்தது வேறு விஷயத்தில். அண்ணனின் சட்டைகள் தாமாகவே தேய்த்து மடித்து அலமாரியில் ஏறின, கைப்பகுதியில் பழைய காலத்துக் கூர்மையான மடிப்போடு. அண்ணி வாங்கித் தந்த பூப்போட்ட சட்டைகள் குப்பைக்கூடையில் கிடந்தன. அண்ணனுக்கு உடம்பு பருத்து, கன்னம் பளபளத்தது. ஒரு காலை படுக்கையறையில், பக்கத்தில் அண்ணி நின்று தலை வாரிக்கொண்டிருக்க, அவன் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சாப்பாடு ரெடியா?"

அண்ணி சீப்போடு திரும்பினாள்.

"ம்" என்றது சமையலறை.

அண்ணன் மனைவியைச் சுற்றிக்கொண்டு போனான், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவது போல.

அன்றுதான் அண்ணி நிஜமாக அழுதாள். கேமரா ஓடவில்லை, அதனால் நிஜம் என்று சொல்கிறேன். "என் வீட்டுல எனக்கு இடமில்லையா?" என்று கேட்டாள். அந்த ஒரு முறை அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதிக நேரம் இருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவைத் துரத்துவதற்கு எந்த உடை பொருத்தம் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். சிவப்பு என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். அண்ணன் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சமையலறை முக்காலியில் கேமரா ஓடியது. அண்ணி நடுவில் நின்றாள்.

"கேட்டுக்குங்க. இது நம்ம வீடு இல்லை. நான் தெரியாம சொல்லிட்டேன். இது எங்க வீடு. எனக்கும் அவருக்கும் மட்டும். நீங்க வெளிய போங்க."

வெங்காய வாசனை சட்டென்று நின்றது.

குழாய் சொட்டுவதும் நின்றது.

"என்னங்க, நீங்களும் சொல்லுங்க. எங்க வீடுன்னு சொல்லுங்க!"

அண்ணன் வாய் நிறைய வைத்திருந்தான். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதான் அவன் சொல்ல வேண்டியிருந்தது.

"சாப்பிட்டுட்டுச் சொல்றேனே" என்றான்.

சமையலறைக்குள் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. மெதுவாக, மூக்கால்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாசல்ல நின்னு கூப்பிட்டதுதானே தப்பு? அங்கேயே நின்னு போகச் சொல்றேன். வா." கடைசிப் படிக்கு வந்தோம். கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

இந்த முறை காத்திருக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"என்னங்க! கதவைத் திறங்க!" அண்ணி இரண்டு கையாலும் தட்டினாள். "நான்தான்! என்னங்க!"

உள்ளே கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம். அண்ணனின் குரல், நிதானமாக, மென்றுகொண்டே. "யாரு வெளியே?"

கதவுக்கு மிக அருகில், மரத்தில் வாய் வைத்துப் பேசுவது போல, அந்த வயதான குரல் சொன்னது.

"எங்க வீடு."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். 'இது எங்கள் வீடு' என்று சொன்னதா, 'உனக்கு எங்கே வீடு' என்று கேட்டதா? இரண்டுக்கும் அதே சொல்தான். குரலில் இருந்த இளக்காரமும் இரண்டுக்கும் பொருந்தியது.

அண்ணி அங்கேயே உட்கார்ந்தாள். அந்தப் படியின் குழிவு அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

தையல்காரம்மா மேலே வந்து தட்டிய பிறகுதான் கதவு ஒரு கையளவு திறந்தது. அண்ணன் நின்றான். கழுத்தில் அந்த ஏப்ரன். முதுகில் முடிச்சு இறுக்கமாக இருந்திருக்க வேண்டும், நிமிர்ந்து நின்றான்.

"என்னம்மா, வெளியவே நிக்கறே?" என்றான் என்னிடம். "வா, எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

பிறந்ததிலிருந்து என்னிடம் அவன் 'நம்ம வீடு' என்றுதான் சொல்லியிருக்கிறான். காலடியில் உட்கார்ந்திருந்த மனைவியை அவன் கண் தொடவே இல்லை. நான் அசையாததைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணி இப்போது நான் தனியாக இருக்கும் வாடகை அறையில் இருக்கிறாள். 'காலை', 'மாலை', 'சும்மா' எல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டதால் என் பழைய சட்டைகளைப் போட்டுக்கொள்கிறாள். கண்ணாடி பார்ப்பதில்லை. பேசும்போது 'நம்ம' என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, சுற்றிக்கொண்டு போகிறாள்.

ஆனால் அந்தச் சமையலறையில் கேமராவை விட்டுவிட்டு வந்தோம். அது எடுப்பதெல்லாம் தானாக என் அறையில் இருக்கும் கணினிக்கு வந்து சேரும்படி நான்தான் அமைத்திருந்தேன். பேட்டரி என்றைக்கோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. தினமும் ஒரு துண்டு வருகிறது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம், ஆவி, சீராக நறுக்கும் சத்தம், ஓரத்தில் தட்டை நீட்டுகிற அண்ணனின் பருத்த கை. ஆள் மட்டும் தெரிவதில்லை.

இன்று காலை வந்த துண்டு நேற்று எடுத்தது. அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திறந்தேன். காலி மேடை. ஜன்னல் வெயில். யாரோ கேமராவுக்கு எதிரே வந்து நின்ற மாதிரி வெளிச்சம் கொஞ்சம் மங்கியது.

"அவளைப் பார்த்து நானும் எவ்வளவோ உச்சு கொட்டினேன்" என்றது அந்தக் குரல், பக்கத்து வீட்டுக்காரி போல, சாவகாசமாக. "நீயும் கொட்டுவே, எனக்குக் கேட்கும். வாயால இல்ல, மனசால. நல்ல பொண்ணு. என்ன இருந்தாலும் நீ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லையா?"

யோசித்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழகிய காது, வாய்க்கு முந்திக்கொண்டது.

"ம்" என்றேன்.

நேற்று எடுத்த அந்தப் பதிவில், மேஜைமேல் இன்னொரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.